ஹோட்டன் சமவெளிப் பக்கம் கேம்ப் வேலை: சம்பளத்துக்கு முதல் லீவைக் கேளுங்கள்

தம்பி, உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை வீட்டில் சும்மா இருக்கிறீர்கள். ஹோட்டன் சமவெளிக்குப் பக்கத்தில் ஒரு கேம்பிங் இடத்துக்கு ஆள் தேவை என்று தெரிந்த ஒருவர் கூப்பிடுகிறார். போகலாமா, வேலை எப்படி, லீவு கிடைத்தால் அந்தப் பக்கம் எங்கெல்லாம் போகலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் குளிரில் இரண்டு இடங்களில் நான்கு வருடம் டென்ட் அடித்தவன் நான்.

போங்கள். ஆனால் சம்பளம் எவ்வளவு என்று கேட்பதற்கு முதல், லீவு எந்தக் கிழமை என்று கேளுங்கள். முதல் இடத்தில் நான் அதைக் கேட்கவில்லை. "ஆள் குறைவான நாளில் எடுத்துக்கொள்ளலாம்" என்றார்கள். ஆள் குறைவான நாள் என்று ஒன்று வரவே இல்லை. ஏழு வாரம் கழித்துத்தான் முதல் தடவையாக ஒஹிய ஸ்டேஷனுக்கு இறங்கினேன், அதுவும் பல்வலிக்கு மருந்தெடுக்க.

கூப்பிடுகிற இடம் எது என்பதையும் பாருங்கள். பூங்காவுக்கு உள்ளே இருக்கிற கேம்ப் இடங்கள் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் கையில். அங்கே ஆள் எடுப்பது அரசாங்க முறைப்படி, தெரிந்தவர் சொல்லிப் போகிற வேலை இல்லை. உங்களைக் கூப்பிடுகிறவர்கள் அநேகமாக வெளியே, பட்டிப்பொல பக்கமோ ஒஹிய பக்கமோ தனியார் காணியில் டென்ட் போட்டு நடத்துகிறவர்களாக இருப்பார்கள். சில பேர் திணைக்களத்தில் இடம் பதிவு செய்து கெஸ்டையும் சாமானையும் உங்களையும் சேர்த்து உள்ளே அனுப்புவார்கள். வெளியே முதலாளி சொல்வதுதான் சட்டம். உள்ளே போனால் பாட்டுப் போட முடியாது, சாராயம் கூடாது, நினைத்த இடத்தில் நெருப்பு மூட்ட முடியாது. கெஸ்ட் மீறினால் போய்ச் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். கொழும்பிலிருந்து பிறந்தநாள் கொண்டாட வந்த பன்னிரண்டு பேரிடம் இரவு பத்து மணிக்கு ஸ்பீக்கரை நிறுத்தச் சொல்வதற்குத் தனித் திறமை வேண்டும். நான் கண்டுபிடித்த வழி, சட்டத்தைப் பேசாமல் சிறுத்தையைப் பேசுவது. "சத்தம் கேட்டால் பக்கத்தில் வராது, நீங்கள் பார்க்கவும் கிடைக்காது" என்றால் ஸ்பீக்கர் தானாக நின்றுவிடும்.

கெஸ்ட் கேள்வி கேட்பார்கள், அதனால் நாலு விஷயம் தெரிந்து வைத்திருங்கள். ஹோட்டன் என்பது 1831 முதல் 1837 வரை இங்கே ஆளுநராக இருந்த ரொபர்ட் வில்மட் ஹோட்டனின் பெயர். சிங்களத்தில் மஹா எலிய. பரப்பு 3,160 ஹெக்டேயர், உயரம் 2,100 மீட்டருக்கு மேல். 1988இல் தேசிய பூங்காவானது. 2010இல் சிவனொளிபாதமலைக் காட்டோடும் நக்கில்ஸ் மலையோடும் சேர்த்து யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் வந்தது. சுற்றிவர எல்லா மலையிலும் தேயிலை ஏறியிருக்க இங்கே மட்டும் ஏன் இல்லை என்று யாராவது கேட்டால் கதை 1873க்குப் போகும். 5,000 அடிக்கு மேலுள்ள காட்டில் கை வைக்காதீர்கள் என்று ஜோசப் ஹூக்கர் என்ற தாவரவியலாளர் வெள்ளைக்கார அரசாங்கத்துக்கு அறிவுரை சொன்னார். எல்லா இடத்திலும் அதைக் கேட்கவில்லை, நுவரெலியாவைப் பார்த்தாலே தெரியும். ஹோட்டன் சமவெளி தப்பியது. அது தப்பியதால் மகாவலி, களனி, வளவை என்ற மூன்று ஆறுகளுக்கும் மேலிருந்து தண்ணீர் போகிறது. கொழும்பு கெஸ்டிடம் "நீங்கள் வீட்டுக் குழாயில் குடிக்கிற களனித் தண்ணீரில் கொஞ்சம் இங்கேயிருந்து வருவதுதான்" என்று சொல்லிப் பாருங்கள், ஓடையில் சவர்க்காரம் போடக் கொஞ்சம் யோசிப்பார்கள்.

சரி, வேலைக்கு வருவோம். விடிகாலை நாலு மணிக்கு எழும்ப வேண்டும். பூங்காவின் கேட் ஆறு மணிக்குத் திறக்கும், கெஸ்ட் எல்லாருக்கும் முதல் ஆளாக உள்ளே போக வேண்டும். காரணம் உலக முடிவு. 870 மீட்டர் செங்குத்தாக இறங்குகிற அந்தப் பாறை விளிம்பில் ஒன்பது, பத்து மணிக்குப் பிறகு நின்றால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். கீழேயிருந்து பனிமூட்டம் ஏறி மூடிவிடும். சின்ன உலக முடிவு, பெரிய உலக முடிவு, பேக்கர் நீர்வீழ்ச்சி என்று சுற்றி வருகிற பாதை 9 கிலோமீட்டர் அளவு. ஆகவே நீங்கள் நாலரைக்கு பிளேன்டீ கொடுத்து, ஐந்துக்குச் சாப்பாட்டுப் பார்சல் கட்டி, ஐந்தரைக்கு ஆட்களை வான் வண்டியில் ஏற்றிவிட வேண்டும். அப்புறம்தான் உங்கள் நாள் தொடங்கும்.

சமையலில் ஒரு பாடம் உண்டு, யாரும் முதலில் சொல்லித் தர மாட்டார்கள். அந்த உயரத்தில் தண்ணீர் 93 பாகை அளவிலேயே கொதித்துவிடும். பானை தளபுள என்று கொதிக்கும், பருப்பு வேகாது. வீட்டில் இருபது நிமிடத்தில் அவிகிற பருப்புக்கு முன்னால் நான் முதல் வாரம் ஒரு மணித்தியாலம் நின்றிருக்கிறேன். பிரஷர் குக்கர் இல்லாத இடம் என்றால் பருப்பை இரவே ஊறப் போடுங்கள். காஸ் சிலிண்டரும் அப்படித்தான். சிலிண்டரில் இருப்பதில் பெரும் பகுதி பியூட்டேன். அது பூச்சியம் பாகைக்குக் கிட்டப் போனால் ஆவியாகாது. தை மாத விடியலில் அடுப்பைப் பற்றவைத்தால் நீலச் சுடர் அகல் விளக்கு அளவுக்கு எரியும். சிலிண்டர் முடிந்துவிட்டது என்று நினைத்து மாற்றாதீர்கள். கை பொறுக்கிற இளஞ்சூட்டுத் தண்ணீர் நிரப்பிய பேசினில் சிலிண்டரைக் கொஞ்ச நேரம் நிறுத்தினால் போதும். நெருப்பையோ கொதிநீரையோ பக்கத்தில் கொண்டு போகவே கூடாது. என்னோடு வேலை செய்த ஒருவர் பக்கத்தில் விறகு மூட்டப் பார்த்தார். அன்றைக்கு நான் போட்ட சத்தம் அந்தப் பக்கத்து மரைகளுக்கு எல்லாம் கேட்டிருக்கும்.

அப்புறம் டென்ட். கெஸ்ட் குளிருக்குப் பயந்து எல்லா ஜிப்பையும் இழுத்து மூடிவிடுவார்கள். மூச்சில் வருகிற ஈரம் வெளியே போக வழி இல்லாமல் துணியில் ஒட்டி, விடியும்போது உள்ளே மழை பெய்த மாதிரி இருக்கும். "உங்கள் டென்ட் ஒழுகுகிறது" என்று சண்டைக்கு வருவார்கள். மேல் ஜன்னலை நாலு விரல் திறந்து வைக்கச் சொல்லி இரவே காட்டிக் கொடுங்கள். ஈர டென்டை அப்படியே மடித்தால் மூன்று நாளில் பூஞ்சணம் பிடிக்கும், நாற்றம் போகாது. வெயில் வருகிற இரண்டு மணித்தியாலத்தில் பத்து டென்டையும் விரித்துக் காய வைப்பதுதான் அங்கே பெரிய வேலை. வைகாசி முதல் புரட்டாதி வரை தென்மேற்குக் காற்று அடிக்கும்போது அந்த இரண்டு மணித்தியாலமும் கிடைக்காது. அந்த மாதங்களில் வேலைக்குச் சேர்வதாக இருந்தால் மனதைத் திடப்படுத்திக்கொண்டு போங்கள். கறுப்பு மண் ஊறிப்போய் ஆணி நிற்காது, கயிறு அறுந்து நடுச்சாமத்தில் ஒரு டென்ட் ஆட்களோடு சரிந்து கிடக்கும்.

கக்கூஸ் கழுவுவதும் உங்கள் வேலைதான். யாரும் விளம்பரத்தில் போட மாட்டார்கள், நான் சொல்லிவிடுகிறேன்.

பொலித்தீன் விஷயத்தில் மட்டும் எந்தச் சமாதானத்துக்கும் போகாதீர்கள். கேட்டில் பையைத் திறந்து பார்ப்பார்கள், தண்ணீர்ப் போத்தலில் சுற்றியிருக்கிற லேபலைக்கூட உரித்து எடுப்பார்கள். பார்சலை வாழை இலையிலோ டிபன் பெட்டியிலோ கட்டிக் கொடுங்கள், கேட்டில் பத்து நிமிடம் மிச்சம். உரிப்பதற்குக் காரணத்தை நான் கண்ணால் பார்த்தேன். ஒரு இரவு இரண்டு மணி இருக்கும், சமையல் கூடாரத்துப் பக்கம் சரசர என்று சத்தம். டோர்ச் அடித்தால் எருமைக் கன்று உயரத்தில் ஒரு ஆண் மரை, கடமான் என்றும் சொல்வார்கள். கண் இரண்டும் பச்சையாக மின்னுகிறது, ஓடவில்லை. கெஸ்ட் வெளியே மறந்து வைத்த பாண் பையைப் பாணோடும் உறையோடும் சேர்த்து மென்றுகொண்டிருந்தது. நான் "ஏய்" என்று கையைத் தட்டியதும் இரண்டு அடி தள்ளிப் போய் நின்று, மிச்சத்தையும் விழுங்கிவிட்டுத்தான் போனது. பூங்காவுக்குள் நடைபாதை தொடங்குகிற ஃபார் இன் கட்டிடத்துப் பக்கம் ஆட்கள் பிஸ்கட் கொடுத்துப் பழக்கியதன் பலன். கெஸ்ட் படமெடுக்க ஆசைப்படுவார்கள், தீனி கொடுக்க விடாதீர்கள். சாப்பாட்டுச் சாமான் எல்லாம் இரவில் மூடியுள்ள பெட்டிக்குள் இருக்க வேண்டும். மரை மட்டும் இல்லை, காட்டுப்பன்றியும் வரும். சிறுத்தை அங்கே இருப்பதே மரைகளை நம்பித்தான், ஆகவே இருட்டில் கக்கூஸ் போகிற கெஸ்டோடு டோர்ச் பிடித்துப் போவதும் உங்கள் கடமையில் சேர்த்தி.

இதற்கெல்லாம் நடுவில் தையிலும் மாசியிலும் சில விடியல்கள் வரும். வானத்தில் மேகமே இல்லாத இரவுக்கு அடுத்த நாள் துகள் உறைபனி விழுந்திருக்கும். புல்வெளி முழுக்க உப்புத் தூவிய மாதிரி. நடந்தால் செருப்புக்குக் கீழே நறநற என்று நொறுங்கும். வெளியே காயப் போட்ட துவாய் பலகை மாதிரி விறைத்து நிற்கும். தோட்டத்தில் இதே பனி விழுந்தால் கொழுந்து கருகி நம் ஆட்களுக்குப் பேர், அதாவது வேலை நாள், குறையும். அதை அழகு என்று படமெடுக்கிற கெஸ்டுக்குப் பக்கத்தில் நிற்கும்போது எனக்கு இரண்டு மனதாக இருக்கும். உலக முடிவில் நின்றாலும் அப்படித்தான். கீழே நொன்பரேல் தோட்டம், தெளிவான காலையில் வரிசையாகத் தகரக் கூரை மினுங்கும். "அது என்ன ரிசோர்ட்டா?" என்று ஒரு அம்மா கேட்டார். "லயன், மேடம்" என்றேன். தோட்ட ஆட்களின் வரிசை வீடுகளைச் சொன்னேன். அவருக்குப் புரியவில்லை, சிங்கம் என்று நினைத்துவிட்டார்.

காசு விஷயம். எவ்வளவு என்பதை இடத்துக்கு இடம் பேசிக்கொள்ளுங்கள். ஆனால் ஊழியர் சேமலாப நிதி கட்டுகிறார்களா என்று கேளுங்கள். உங்கள் பங்கு 8 வீதம், முதலாளியின் பங்கு 12 வீதம், அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு அவர் 3 வீதம். நாலு மாதம்தானே என்று விட்டுவிடாதீர்கள். 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டத்தில் கிழமைக்கு ஒன்றரை நாள் சம்பளத்தோடு லீவு இருக்கிறது, தங்குமிட ஹோட்டல்களுக்கும் அது பொருந்தும். "இது ஹோட்டல் இல்லையே, டென்ட்தானே" என்பார்கள். இரவுக்கு இவ்வளவு என்று காசு வாங்கி ஆளைப் படுக்க வைத்தால் அது வேறென்ன? சண்டை பிடிக்கச் சொல்லவில்லை, தெரிந்துகொண்டு பேசுங்கள். சேதத்துக்கு யார் பொறுப்பு என்பதையும் முதலே கேட்டு வையுங்கள். காற்றில் முறிந்த ஒரு டென்ட் கம்பிக்கு என் சம்பளத்தில் வெட்டினார்கள், காற்று என்னுடைய சொந்தக்காரன் மாதிரி. அந்த மாதக் கடைசியில்தான் நான் இரண்டாவது இடம் தேடினேன்.

இரண்டாவது இடத்தில் புதன்கிழமை லீவு என்று எழுதி வாங்கினேன். சனி, ஞாயிறு கிடைக்காது, போயாவோடு சேர்ந்து வருகிற நீண்ட விடுமுறை கிடைக்கவே கிடைக்காது, அதைக் கேட்டு மரியாதையைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். செவ்வாய் அல்லது புதன் கேளுங்கள். முடிந்தால் முதல் நாள் பின்னேரமே இறங்க அனுமதி வாங்குங்கள். அந்த ஒரு பின்னேரம் கையில் இருந்தால் லீவு இரண்டு மடங்காகும். மலையில் பார்க்க வேண்டியதெல்லாம் காலை ஒன்பதுக்கு முதல் பார்க்க வேண்டியது, விடிந்த பிறகு கேம்பிலிருந்து புறப்பட்டால் எல்லா இடத்திலும் பனிமூட்டத்தைத்தான் பார்ப்பீர்கள்.

முதல் லீவில் எங்கேயும் போகாமல் தூங்குங்கள். இரண்டாவது லீவில் தொட்டுபொல மலை. பட்டிப்பொல பக்கத்திலிருந்து பூங்காவுக்குள் போகிற ரோட்டோரத்திலேயே பாதை தொடங்கும், ஒரு மணித்தியாலத்தில் உச்சி. 2,357 மீட்டர், இலங்கையில் மூன்றாவது உயரம். இரண்டாவதான கிரிகல்பொத்தையும் (2,388 மீட்டர்) பூங்காவுக்குள்தான் இருக்கிறது, ஆனால் ஃபார் இன்னிலிருந்து போக மட்டும் 7 கிலோமீட்டர். சேறும் குட்டை மூங்கிலும். அதற்குத் தனியாகப் போகாதீர்கள். மூட்டத்தில் பாதை மறைந்தால் திரும்பி வருவது லேசில்லை.

ஹப்புத்தளைக்கு ஒஹியவிலிருந்து ரயில், நடுவில் இதல்கஸ்ஹின்ன ஒரே ஸ்டேஷன். ஃபார் இன்னிலிருந்து ஒஹிய 11 கிலோமீட்டர் இறக்கம், நடந்தால் இரண்டரை மணித்தியாலம், மரக்கறி லொறி வந்தால் கையைக் காட்டுங்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலில் மலைநாட்டு ரயில் பாதை பல இடங்களில் மண்சரிவில் அறுந்தது, ஆகவே அன்றன்றைக்கு ஓடுகிறதா என்று விசாரித்துவிட்டு இறங்குங்கள். ஒஹியவிலிருந்து இதல்கஸ்ஹின்னவுக்குத் தண்டவாளத்தில் நடந்து போவது இப்போது பயல்களிடம் ஒரு பெருமையாகிவிட்டது. சட்டப்படி அது குற்றம், சுரங்கத்துக்குள் ரயில் வந்தால் ஒதுங்க இடமும் இல்லை. ரயிலுக்குள் இருந்தே பாருங்கள், காட்சி ஒன்றுதான்.

ஹப்புத்தளையில் இரவு தங்கி, விடியலில் தம்பேதென்ன பஸ்ஸில் ஏறினால் கொழுந்து பறிக்கப் போகிற அக்காமாரோடு போகலாம். தோமஸ் லிப்டன் 1890இல் கட்டிய தொழிற்சாலையில் இறங்கி, லிப்டன் சீட் என்ற காட்சி முனை வரை 7 கிலோமீட்டர் ஏற்றம். ஆட்டோக்காரர்கள் விட மாட்டார்கள், விடுவித்துக்கொண்டு நடங்கள். அந்த ரோட்டின் சுகமே நடப்பதில்தான். நீங்களும் தோட்டத்துப் பிள்ளை என்றால் பாதி வழியில் யாராவது "எந்தத் தோட்டம் தம்பி?" என்று கேட்பார்கள், அப்புறம் எப்படியும் ஒரு சொந்தம் வந்துவிடும். எனக்கு ரொட்டியும் கட்டச் சம்பலும் அப்படித்தான் கிடைத்தது. அதிஷாம் பங்களாவுக்கு வார நாளில் போய் மூடிய கேட்டைப் பார்த்துவிட்டு வந்தேன், நீங்கள் அந்தத் தப்பைச் செய்ய வேண்டாம்.

ஒரு முழு நாளும் நல்ல காலும் இருந்தால் ஒஹியவிலிருந்து உடவேரிய தோட்டம் வழியாக இறங்கி பம்பரகந்த நீர்வீழ்ச்சிக்குப் போங்கள். 263 மீட்டர், நாட்டிலேயே உயரமானது. என் கணக்கில் அந்தப் பக்கத்தின் நல்ல நடை இதுதான், உலக முடிவைவிட நல்லது என்பேன். மேலே குளிர்க் காடு, நடுவில் தேயிலை, கீழே போகப் போக வியர்வை. ஒரே நாளில் மூன்று காலநிலை. மேட்டில் இல்லாத அட்டை கீழே வட்டி போட்டு ஏறும். கால்மேசுக்கு வெளியே சவர்க்காரத்தை ஈரமாகத் தேய்த்துக்கொண்டு போங்கள், ஒரு சின்னப் பொட்டலம் உப்பும் வையுங்கள். கலுப்பஹனவில் பெரிய ரோட்டுக்கு வந்து, ஹப்புத்தளை போய் ரயில் பிடித்துத் திரும்பலாம். மழை இரண்டு நாள் தொடர்ந்து பெய்திருந்தால் இந்தப் பாதையை விட்டுவிடுங்கள்.

நுவரெலியாவுக்கு நான் சாமான் வாங்கத்தான் போவேன். சித்திரை சீசனில் அந்த டவுனுக்குள் கால் வைக்க முடியாது. வேறு மாதம் என்றால் வெலிமடை பஸ்ஸில் ஏறி சீதா எலியவில் இறங்கி அம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு, அப்படியே ஹக்கல பூங்காவுக்குப் போங்கள். 1861இல் சிங்கோனா மரம் வளர்க்கத் தொடங்கிய இடம். கேம்புக்கு வருகிற தமிழ்நாட்டு ஆட்கள் முதலில் கேட்பது சீதை கோயிலைத்தான், அதனால் அந்தப் பயணம் வேலைக்கும் உதவும்.

கொண்டு போக வேண்டியதில் ஸ்லீப்பிங் பேக்கை இடத்தில் தருவார்கள். கம்பூட்ஸ், இரண்டு ஜம்பர், காதை மூடுகிற தொப்பி, தலையில் கட்டுகிற டோர்ச் உங்கள் செலவு. குளிர்தானே என்று முகத்துக்குக் கிரீம் பூசாமல் விடாதீர்கள், அந்த உயரத்து வெயிலில் ஒரே கிழமையில் மூக்குத் தோல் உரியும். பட்டிப்பொல ஸ்டேஷனில் இறங்குவீர்கள், 1,891 மீட்டர், நாட்டில் அதைவிட உயரத்தில் ஸ்டேஷன் இல்லை. இறங்கினதும் ஜம்பரைப் போடுங்கள், ஆட்டோவுக்குக் காசு பேசிவிட்டு ஏறுங்கள். கேம்பின் பேரைச் சொன்னால் கெஸ்ட் விலை. "வேலைக்குப் போறேன் அண்ணே" என்றால் வேற விலை.